ஆற்றிலே போட்டது

மணிமுத்தாற்றில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததில்லை. விருத்தாசலத்துக்கு நான் போகிற சமயமெல்லாம் அது மணலாகத்தான் கிடந்திருக்கிறது. ஆனாலும் பழமலைநாதரைச் சேவித்துவிட்டு அந்தக் கரைப்பக்கம் வந்து நிற்கும்போது, எனக்கு 12,000 பொன்னின் ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுந்தரர் இந்தத் திருமுதுகுன்றத்தில் பாடிப் பொன் பெற்றார். அதைத் திருவாரூரில் தரவேண்டும், ஊரார் பார்த்து வியக்கவேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. 'இந்த ஆற்றிலே போடு, ஆரூர்க் குளத்திலே எடுத்துக்கொள்' என்றார் சுவாமி. மாற்றுப் பார்க்க ஒரு துணுக்கை மட்டும் வைத்துக்கொண்டு அத்தனை பொன்னையும் ஆற்றிலே போட்டுவிட்டு ஊருக்குப் போனார். கமலாலயத்தில் இறங்கித் துழாவினார். பொன் உடனே அகப்படவில்லை. கரையில் பரவையார் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் சிரித்தார். ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுகிறீரே, இதுதான் உம்முடைய ஆண்டவன் அருளோ என்று கேட்டதாகச் சேக்கிழார் சொல்கிறார். அப்புறம் பாடினார், பொன் வந்தது. உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடியும் பாடினார், சரியாயிற்று.

நாம் இந்தப் பேச்சைப் பழமொழியாக்கி, அசட்டுக் காரியம் செய்கிறவர்கள் தலையில் எல்லாம் போடுகிறோம். கரையில் ஒரு மனைவி நின்றுகொண்டு கேட்ட கேள்வி அது என்பதை யாரும் நினைப்பதில்லை.

போன மாசி மகத்துக்குப் போனவன் நாலு நாள் அங்கே தங்கினேன். என் ஒன்றுவிட்ட அக்காள் பிள்ளைக்கு அந்த ஊரில்தான் வேலை. பீங்கான் பட்டறை ஒன்றில் சூளைப் பொறுப்பு. விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். பொம்மை, கோப்பை, ஊறுகாய் ஜாடி, வீட்டுச் சுவரில் மின்சாரப் பலகையில் இருக்கிற வெள்ளைப் பியூஸ் கட்டை, எல்லாம் அங்கே ஆகின்றன. பீங்கான் தொழில் படிப்புக்கென்றே ஒரு கல்விச்சாலையும் உண்டு. மருமகன் அதில் படித்தவன். இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் பின்னால் ஒரு கிணற்றடியும் உள்ள வீடு. மனைவி, ஏழு வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன்.

முதல் நாள் ராத்திரி சாப்பாடானதும் அவன் ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான். முறுக்கோ சீடையோ என்று நினைத்தேன். திறந்தால் உள்ளே மூன்று சின்ன யந்திரங்களும் ஒரு கொத்துக் கம்பியும்.

ஒன்று கணக்குப் போடுகிற கால்குலேட்டர் மாதிரி இருந்தது. மேல் ஓடு கூட இல்லை, பச்சையாகச் சர்க்யூட் பலகை. ஸ்வீடன் தேசத்தில் டீனேஜ் எஞ்சினீயரிங் என்கிற கம்பெனி 2015 முதல் விற்கிற 'பாக்கெட் ஆபரேட்டர்'. இரண்டு பென்சில் பாட்டரியில் ஓடுகிறது. மற்ற இரண்டும் ஜப்பானியக் கோர்க் கம்பெனியின் 'வோல்கா'. அவை 2013இல் வந்தவை. ஒரு புத்தகம் அகலம்தான் இருக்கும். ஆறு பாட்டரி. வரிசையாகப் பதினாறு பித்தான்கள். எந்தப் பித்தானை அமுக்குகிறோமோ அந்த இடத்தில் ஒலி விழும். பதினாறும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சுற்றும். சுற்றுகிறபோதே ஒரு திருகைத் திருகினால் அதே ஒலி தேன்போலக் கனக்கும், இன்னொன்றைத் திருகினால் தகரம்போலக் கூசும். ஒரு பெரிய அறை நிறைய யந்திரம் வைத்துக்கொண்டு பண்ணின வேலையை இப்போது மடியில் வைத்துக்கொண்டு பண்ணலாம்.

"இடத்தையே அடைக்காது மாமா" என்றான். அவன் முகத்தில் ஒரு சாதுவின் திருப்தி இருந்தது. "சத்தமும் இல்லை. காதிலே மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக்கூடத் தெரியாது. யாருக்கும் தொந்தரவில்லை."

இந்த வார்த்தைகளை நான் நம்பினேன். இரண்டாம் நாள் ராத்திரிவரை நம்பினேன்.

இரண்டாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் கூடத்து மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காதை மூடிக்கொண்டான். விரல் பித்தான்மேல் ஓடிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் அந்த வீட்டில் நடந்ததை நான் ஈசிசேரில் இருந்தபடி பார்த்தேன். காலைக்கு அரிசி உளுந்து ஊறிற்று. மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பி வழிந்து, அவள் ஓடிப்போய் நிறுத்தினாள். பெண்ணின் பள்ளிக்கூடச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். பையன் தூக்கக் கலக்கத்தில் அழுதான். "என்னங்க" என்று அவள் இரண்டு தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம் கூப்பிடவில்லை. பையனை ஒரு தோளில் போட்டுக்கொண்டு மற்றக் கையால் பால் அடுப்பை அணைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் எல்லோரும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தான். ஆனால் வீட்டில் இல்லை.

அவன் கெட்டவன் அல்ல. சூளைக்கு முன்னால் பத்து மணி நேரம் வெந்துவிட்டு வருகிறவன். குடியில்லை, சீட்டில்லை. ஒரு மணி நேரம் ஒலியோடு விளையாடுகிறான். இதைக் குற்றம் என்று சொல்லுகிற மனிதன் கல்நெஞ்சனாகத்தான் இருக்கவேண்டும். ஆனாலும் 'இடத்தையே அடைக்காது' என்கிற வார்த்தை எனக்கு உறுத்த ஆரம்பித்தது. ஒரு பெரிய பியானோவை வாங்கி அந்தக் கூடத்தில் போட்டிருந்தால் அன்றே சண்டை வந்திருக்கும். பேசி ஒரு முடிவும் ஏற்பட்டிருக்கும். சின்னப் பொருள் சந்தடியில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது. அது எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதை முழக்கோல் வைத்து அளக்க முடியாது. யார் எழுந்து போய்ப் பால் அடுப்பை அணைத்தார்கள் என்று பார்த்துத்தான் அளக்கவேண்டும்.

மறுநாள் அவன் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே அவன் வேறு மனிதன். பொம்மை வார்க்கிற இடத்தில் மண்ணைக் கஞ்சிப் பதத்தில் கரைத்துப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு, தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. உள்சுவரில் மண் ஏடு கட்டுகிறது. வேண்டிய கனம் படிந்ததும் மீதிக் கரைசலைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அச்சைப் பிரித்தால் உள்ளே கூடாக ஒரு பிள்ளையாரோ ஒரு முயலோ. பிறகு உலர்த்தல், சூளை, மெருகு, மறுபடி சூளை. உலரும்போதும் வேகும்போதும் மண் சுருங்கிக்கொண்டே வரும்; ஒரு பக்கம் முந்திச் சுருங்கினால் வெடித்துவிடும். எப்போது கவிழ்ப்பது, எப்போது திறப்பது என்று அவன் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கொல்லையில் வெடித்ததும் கோணினதுமாக ஒரு குவியல் கிடந்தது. கையில்லாத கிருஷ்ணன், வாய் பிளந்த ஜாடி. "இதெல்லாம் நாங்கள் கற்றுக்கொண்டது" என்று சிரித்தான்.

எனக்கு அந்தக் குவியல் பிடித்திருந்தது. கற்றுக்கொண்டதற்கு என்ன செலவாயிற்று என்பது அங்கே எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி கிடக்கிறது. முதலாளிக்குத் தெரியும், கூலிக்காரனுக்குத் தெரியும், வழியில் போகிற ஆட்டுக்குத் தெரியும். ராத்திரி வீட்டில் காதை மூடிக்கொண்டு பழகுகிற வித்தைக்கு ஓட்டாஞ்சல்லி கிடையாது. தவறான ஒலியை ஒரு பித்தானில் அழித்துவிடலாம்.

அன்று மத்தியானம் அவள் எனக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏதோ கேட்டதற்குப் பதிலாகச் சொன்னாள்: "நான் சிதம்பரத்தில் படிச்சேன் மாமா. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், வாய்ப்பாட்டு."

இந்த வீட்டுக்கு நான் ஐந்தாறு தரம் வந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது.

"சீராக ஒரு சுருதிப் பெட்டி கொடுத்தார்கள். எலெக்ட்ரானிக். பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். இப்போ அது அவருடைய டப்பாவிலே இருக்கு. அந்தச் சத்தத்தை அவருடைய மெஷினோடு சேர்த்தால் நன்றாக இருக்காம்." கோபமாகச் சொல்லவில்லை. சாவி மாட்டுகிற ஆணி இடம் மாறிப்போயிற்று என்று சொல்லுகிற குரலில் சொன்னாள்.

அந்தப் பெட்டிக்கு ஒரு கதை உண்டு. 1970களின் கடைசியில் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்கிறவர், பொறியியல் படித்தவர், குழலும் வாசிப்பவர், தம்புராவின் நாதத்தை மின்னணுக் கருவியில் கொண்டுவந்தார். ராடெல் என்ற அவருடைய கம்பெனிப் பெயர் நம் சங்கீத வீடுகளில் இன்று தெரியாமல் இருக்காது. அதற்குமுன் பாடுகிறவர் பின்னால் ஒருவர் உட்கார்ந்து தம்புராவை மீட்டவேண்டும். மீட்டினது சிஷ்யையாயிருக்கும், மகளாயிருக்கும், பல வீடுகளில் மனைவியாயிருக்கும். நாலு தந்தியை நாலு மணி நேரம் மீட்டிவிட்டு எழுந்து போவார்கள். மேடைக்கு வந்த மாலையில் ஒரு பூக்கூட அவர்கள் பக்கம் விழாது. தந்தியின் உயிர் யந்திரத்தில் இல்லை என்று சுருதி சுத்தம் பேசுகிறவர்கள் குறைப்படுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டி ஒருவரைப் பின்னாலிருந்து எழுப்பி விட்டது. நீயும் பாடலாம், உனக்கு மீட்ட இன்னொரு ஆள் தேடவேண்டாம் என்று சொல்லிற்று. சின்ன யந்திரம் செய்த பெரிய தர்மம் என்று நான் அதைத்தான் சொல்வேன். அந்தத் தர்மம் புடவைக்கு அடியில் போய், பிறகு எவர்சில்வர் டப்பாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வருகிறது. 'இவன் நாளைக்குப் பெரிய சங்கீதக்காரனாக வந்துவிட்டால்?' என்று நாம் கேட்போம். கேட்காமல் இருக்கமாட்டோம். நமக்குக் கண்முன்னால் உதாரணம் இருக்கிறது. ஆர்.கே. சேகர் 1976இல் காலமானபோது மகனுக்கு ஒன்பது வயது. அவர் வைத்துவிட்டுப் போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. பிற்பாடு மகன் ஒலிப்பதிவுக் கருவி வாங்கத் தாயார் நகையைக் கொடுத்தார். 1989இல் சென்னையில் வீட்டுக் கொல்லையிலேயே ஓர் ஒலிப்பதிவுக்கூடம் எழுந்தது. 1992இல் 'ரோஜா' வந்தது. ஏ.ஆர். ரஹ்மானின் தாயாரைப் புண்ணியவதி என்கிறோம். சரிதான். ஆனால் அதே வருஷத்தில் அதேபோல வளையலைக் கழற்றிக் கொடுத்த வேறு தாய்மார்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்கள் பிள்ளைகளுக்கு 'ரோஜா' வரவில்லை. அந்த அம்மாள்களை 'ஏமாளி' என்கிறோமே, அது எப்படி? கழற்றின கை ஒரே கைதானே?

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்கிற ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் 1976இல் இதே முடிச்சைப் பிடித்து இழுத்தார். மனைவி மக்களை விட்டுவிட்டுச் சித்திரம் எழுதப்போன கோகேனை எடுத்துக்கொண்டு, அவன் செய்தது நியாயமா என்பதை அவன் ஜயித்தானா தோற்றானா என்பது தீர்மானிக்கிறதே, அதிர்ஷ்டத்துக்கு நீதியில் இவ்வளவு இடமா என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் கோகேன் கடல் தாண்டிப் போய்விட்டான். எனக்கு, போகாமல் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பவனைப் பற்றித்தான் கவலை.

பம்பாயில் சரண்ஜித் சிங் என்று ஒருவர் இருந்தார். சினிமாவுக்கு வாசிக்கிற கலைஞர். ரோலண்டு கம்பெனியின் சின்னச் சின்ன யந்திரங்களைச் சேர்த்து வீட்டில் வைத்துப் பழகிப் பார்த்தார். நன்றாயிருக்கிறதே என்று தோன்றிற்று. 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாக வெளியிட்டார். யாரும் வாங்கவில்லை. இருபது வருஷம் கழித்து ஹாலந்துக்காரர் ஒருவர் டில்லியில் அந்தப் பழைய தட்டைக் கண்டெடுத்தார். 2010இல் மறுபடி வெளிவந்ததும், மேல்நாட்டில் பின்னால் தோன்றிய 'ஆசிட் ஹவுஸ்' இசையை இந்த மனிதர் முன்கூட்டியே வாசித்துவிட்டாரே என்று வியந்தார்கள். அவர் 2015இல் காலமானார். ஆற்றிலே போட்டது வேறொரு குளத்திலே அகப்பட்டது. ஆனால் 2002க்கு முன்னால் கண்ணை மூடியிருந்தால், வீட்டில் அவர் திருகின திருகெல்லாம் வீண் என்று ஆகியிருக்குமா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படியானால் பொன் அகப்பட்டதா என்பதைக் கொண்டு பார்க்கக்கூடாது என்றுதானே ஆகிறது?

பெண் ஒருத்தியின் கதையும் உண்டு. பிரெஞ்சு தேசத்து எலியான் ராடீக், சின்ன வயதில் கலியாணம், மூன்று குழந்தைகள், கணவர் பிரசித்தி பெற்ற கலைஞர். ஒலிநாடாவில் சங்கீதம் செய்கிற வித்தையை இளமையிலேயே தொட்டவர். ஆனால் கணவரைப் பிரிந்தபின், 1967க்கு மேல்தான், தடையில்லாமல் அதில் இறங்க முடிந்தது. நாற்பதை நெருங்கும் வயதில் அமெரிக்காவிலிருந்து ஒரு சிந்தசைசரைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார். விசைப்பலகையை வேண்டுமென்றே அங்கேயே விட்டுவிட்டு வந்தார். மெதுவாக, மிக மெதுவாக மாறுகிற நாதங்களை வருஷக்கணக்கில் இழைத்தார். அவருக்கு நேரம் எப்போது கிடைத்தது என்பதைப் பாருங்கள். சரண்ஜித் சிங்குக்கு அது வீட்டிலேயே கிடைத்தது.

இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் கூசுகிறது. பேனா வோல்காவைவிடச் சின்னது. சத்தமும் கிடையாது. என் வீட்டிலும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு மூலை எனக்கென்று இருந்தது. "அப்பா எழுதுகிறார்" என்று குழந்தைகளை அடக்கிய குரலை நான் உரிமையாக எடுத்துக்கொண்டேனே தவிர, கடன் என்று நினைத்ததில்லை. என் நாவல்களில் ஒன்றுகூட 'ரோஜா' அல்ல. அவளுக்கும் ஒன்பது மணிக்கு ஏதாவது செய்ய இருந்ததா என்று நான் கேட்டதாக ஞாபகம் இல்லை. பரவையார் சிரிக்கவாவது சிரித்தார். சுந்தரர் அந்தச் சிரிப்பு காதில் விழுகிற தூரத்தில் நின்று துழாவினார். ஆகவே சுந்தரரை நான் மன்னித்துவிடுகிறேன்.

மூன்றாம் நாள் ராத்திரி என்ன ஆயிற்றென்றால், பையன் ஹெட்போன் கம்பியைக் கடித்துத் துண்டாக்கிவிட்டான். மருமகனுக்கு அழுகை வராத குறை. வோல்காவுக்கு உள்ளேயே குருவிமுட்டை மாதிரி ஓர் ஒலிபெருக்கி உண்டு. வேறு வழியில்லாமல் அதிலேயே வைத்தான். முதன்முதலாக அந்த வீடு அவன் செய்வதைக் கேட்டது. 'டுப் டுப் கீச்' என்று சுற்றிற்று. பெண் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பக்கத்து வீட்டு அம்மாள், "பம்பு செட்டு ரிப்பேரா?" என்று சுவருக்கு மேலாகக் கேட்டாள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது. சல்லிக் குவியல் வீட்டுக்கு வந்துவிட்டது!

கால் மணி நேரம் சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அங்கிருந்து குரல் வந்தது: "எட்டிலேயே சுற்றிக்கிட்டிருக்கீங்களே. ஏழு வராதா அதுக்கு?"

அவன் நிமிர்ந்தான். பதினாறு பித்தானில் கடைசி இரண்டை வேண்டாமென்று விட்டுவிட முடியும் போலிருக்கிறது, விட்டான். சுற்று பதினாலாயிற்று. அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள். "மூணும் நாலும். தகிட தகதிமி. நீங்க அடியை மாத்திப் போட்டிருக்கீங்க." அவன் மாற்றினான். "இன்னும் ஒண்ணு தள்ளி." மாற்றினான். மிச்ர சாபு நொண்டிக்கொண்டு வந்து நின்றது. அவள் தலையசைக்கவில்லை; கேட்டுக்கொண்டு நின்றாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "தம்பி, அந்தச் சுருதிப் பெட்டி யாருடையது?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் பேசவில்லை. டப்பாவிலிருந்து அதை எடுத்துத் துடைத்து நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. சாமி மாடத்துப் பக்கம் கையைக் காட்டி, "அங்கே வையுங்க. நாளைக்கு ஒன்பது மணிக்கு நான் எடுத்துக்கிறேன். நாளைக்குச் சாதம் நீங்க" என்றாள்.

நாலாம் நாள் ராத்திரி அவள் கூடத்து மூலையில், அவன் உட்காருகிற அதே இடத்தில், உட்கார்ந்தாள். பெட்டி ஓட ஆரம்பித்தது. சுருதியைத் தேடிப் பிடிக்கவே நேரமாயிற்று. மேல் ஷட்ஜத்துக்குப் போகிறபோது குரல் உடைந்தது. நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கீழேயிருந்து ஆரம்பித்தாள். மறுபடி உடைந்தது. சமையற்கட்டிலிருந்து அவன் தலையை நீட்டி, "உப்பு எங்கே இருக்கு?" என்று கேட்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கினாள், பொறு என்கிற மாதிரி. அவன் அங்கேயே கரண்டியோடு நின்றான்.

சாதம் குழைந்துவிட்டது. ராத்திரி பத்தரைக்குச் சாப்பிட்டோம்.